மூன்று விரல் உப்பு

"ஜப்பான்ல கூட ஆராய்ச்சி பண்ணி இதத்தாம்மா சொல்லியிருக்காங்க." 2022ஆம் வருடம், கரண்ட் இல்லாத ஒரு சாயந்திரம், அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் நான் சொன்ன வார்த்தை இது. கையில் போன், அதில் யாரோ அனுப்பிய செய்தி: புளித்த பால் குடித்தால் பிரஷர் குறையும், ஜப்பானில் நிரூபித்துவிட்டார்கள். அம்மா மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தியா புள்ள, நான் சொன்னப்ப நம்பலயே" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. படித்த மகள் தன் பக்கம் வந்துவிட்டாள் என்ற சந்தோஷம். இரண்டு வருடம் கழித்து, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடமாடும் கிளினிக் வைத்தபோது, அம்மாவின் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த மிஸ், கொஞ்ச நேரம் உட்கார வைத்து இரண்டாம் தடவையும் பார்த்துவிட்டு, 178க்கு 102 என்று எழுதினார். எழுதிவிட்டு, "குளிசை ஒழுங்காப் போடுறீங்களா அம்மா?" என்று கேட்டார். அம்மா ஒரு தயக்கமும் இல்லாமல், "இல்ல மிஸ், நான் மோர் குடிக்கிறேன். ஜப்பான்லயே அப்படித்தான்னு மக சொன்னா" என்றார்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அந்த மண்டபத்தில் என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் இருந்தார்கள். வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், என்னை அதைவிட அதிகமாக அரித்தது வேறொன்று. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், குளிசை எதுவும் தொடங்குவதற்கு முன் எடுத்த அளவு 156க்கு 94 என்று இருந்தது. குளிசையை விட்டால் பழைய இடத்துக்குத்தானே திரும்பி வரவேண்டும்? வயது ஏறியிருக்கிறது, சரி. ஆனாலும் இரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் நாலு டம்ளர் மோர் குடித்த ஆளுக்கு முன்பு இருந்ததைவிட 22 கூட ஏறியிருக்கிறதே. நான் சொன்னது பொய்யா? முழுப் பொய்யும் இல்லை, ஜப்பானில் அப்படி ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். அப்படியானால் எங்கே பிழைத்தது? இந்தக் கேள்வியோடு நான் பல மாதம் கிடந்தேன்.

குளிசை கிடைக்காத வருடம்

எங்கள் ஊர் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம். அம்மா தேயிலைத் தோட்டத்தில் 34 வருடம் கொழுந்து எடுத்தவர். வேலையை விட்டு ஈ.பி.எஃப். காசு எடுத்த வருடத்தில்தான் பிரஷர் என்று கண்டுபிடித்து எனலப்ரில் குளிசை கொடுத்தார்கள். மாதம் ஒரு தடவை கிளினிக், விடியக்காலை பஸ், நம்பர் எடுத்து வரிசை, கொப்பியில் ஒரு கையெழுத்து, சின்னக் கடதாசிப் பையில் குளிசை. ஒழுங்காகத்தான் போட்டு வந்தார்.

பொருளாதார நெருக்கடியில் மருந்தும் டீசலும் தட்டுப்பாடான 2022 எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் பாதிக் குளிசைதான் இருந்தது, மிச்சத்தை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஃபாமசியில் விலையைக் கேட்டுவிட்டு அம்மா அந்தத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எப்படியாவது வாங்கியிருப்பேன், அது தெரிந்துதான் சொல்லவில்லை. அரிசி குறைந்தால் உலையில் தண்ணீரைக் கூட்டிப் பழகிய கை, குளிசையையும் அதேபோல இழுத்துப் பார்த்தது. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் பாதிப் பாதியாக உடைத்து, அப்புறம் தலை சுற்றினால் மட்டும். கடைசியில் அதுவும் இல்லை.

அதே மாதங்களில்தான் எங்கள் மாடு கன்று போட்டிருந்தது. வழக்கமாகக் காலைப் பாலை ரோட்டடிக்குக் கொண்டுபோய் லொறிக்கு ஊற்றிவிடுவோம், வீட்டுக்கு ஒரு போத்தல் மிஞ்சும். டீசல் இல்லாமல் லொறி வராத நாளில் பால் முழுக்க வீட்டில் நின்றது. எங்கள் லயத்து வரிசையில் நாலு வீட்டுக்குக் கொடுத்தும் மிஞ்சியது. மிஞ்சியதை அம்மா உறை ஊற்றினார். எங்கள் வீட்டுக்குள் மோர் வந்த கதை இவ்வளவுதான்: டீசல் இல்லை, லொறி இல்லை, அதனால் தயிர்.

மலைக் குளிரில் பால் லேசில் உறையாது. கீழ்நாட்டில் மேசையில் வைத்தால் விடிவதற்குள் கட்டியாகிவிடும். இங்கே தை மாதத்தில் அப்படி வைத்தால் விடிந்தும் பாலாகவே கிடக்கும். அம்மா பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, விரல் தாங்குகிற சூட்டில் முதல் நாள் மோரில் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கி, சட்டியைப் பழைய கம்பளித் துண்டால் சுற்றி, அடுப்பு அணைந்த பிறகு சாம்பலை ஒதுக்கி அந்த வெதுவெதுப்பில் வைப்பார். மேலே ஒரு சாக்கு. விடியக்காலை நாலரைக்கு எழும்பியதும் முதல் வேலை சாக்கை விலக்கிச் சட்டியைச் சாய்த்துப் பார்ப்பது. அசையாமல் நின்றால் முகம் மலரும். அப்புறம் மத்தால் கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டு, தண்ணீர் விட்டு, இஞ்சியைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போடுவார். குடிக்கிற நேரம் டம்ளரில் ஊற்றி உப்பு போடுவார். அந்த உப்பை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட கவனித்ததில்லை.

எங்கள் பக்கத்தில் மோர் தினமும் குடிக்கிற பண்டம் இல்லை. குளிருக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். மாரியம்மன் திருவிழாவில் தேர் வரும்போது தண்ணீர்ப் பந்தலில் ஒரு டம்ளர், காய்ச்சல் விட்ட பிறகு சோற்றில் கொஞ்சம், அதோடு சரி. அதனால் அம்மாவுக்கு அது ஏதோ புதிதாகச் சேர்ந்த சொத்து மாதிரி இருந்தது. தன் மாடு, தான் அறுத்த புல்லு, தன் சட்டி. இந்த மருந்துக்கு விடியக்காலை பஸ் பிடிக்கத் தேவையில்லை, துண்டை நீட்டிக்கொண்டு ஃபாமசியில் நிற்கத் தேவையில்லை. நான் குளிசையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அம்மா ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பதற்கு இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். அது வெறும் அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இருமல் போன கதை

இரண்டாவது காரணம் இருமல். ஒரு வருடத்துக்கு மேலாக அம்மாவுக்கு வறட்டு இருமல் இருந்தது. சளி வராது, காய்ச்சல் இல்லை, ராத்திரி படுத்தால் தொண்டையில் யாரோ சுரண்டுகிற மாதிரி இருமிக்கொண்டே இருப்பார். குளிர் என்றோம், அடுப்புப் புகை என்றோம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம், ஒன்றுக்கும் போகவில்லை. குளிசை நின்று, மோர் தொடங்கி, மூன்று வாரத்தில் இருமல் போய்விட்டது. ராத்திரி நல்ல தூக்கம். உடம்பு லேசானதாகச் சொன்னார். "குளுச ஒடம்பச் சூடாக்கிருச்சு, மோரு குளுத்திருச்சு" என்று அவர் சொன்னபோது மறுத்துச் சொல்ல எனக்கு என்ன இருந்தது? கண்ணுக்கு முன்னால் ஆள் தேறியிருக்கிறார். பிரஷர் ஏறினால் வலிக்காது, காய்ச்சல் வராது, தூக்கம் கெடாது. உலகத்தில் பிரஷர் உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வது இதனால்தான்.

அம்மாவின் கணக்கில் பாதி சரி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனலப்ரில் வகைக் குளிசை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும், விட்டால் சில வாரத்தில் போய்விடும். டாக்டர்மாருக்கு நன்றாகத் தெரிந்த விசயம், அவர்களிடம் சொல்லியிருந்தால் வேறு வகைக்கு மாற்றியிருப்பார்கள். நாங்கள் சொல்லவில்லை. இருமலுக்கும் பிரஷர் குளிசைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பது இயல்புதானே? சம்பந்தம் இதுதான். நம் உடம்பில் ஒரு நொதியம் இருக்கிறது. அன்ஜியோடென்சின் என்ற பொருளை, இரத்தக் குழாயை இறுக்குகிற வடிவத்துக்கு மாற்றுவது அதன் ஒரு வேலை. பிரடிகைனின் என்ற இன்னொன்றை உடைத்துப் போடுவது இன்னொரு வேலை. எனலப்ரில் இந்த நொதியத்தைத் தடுக்கிறது. அதனால் குழாய் தளர்ந்து பிரஷர் இறங்குகிறது. உடைபடாத பிரடிகைனின் சேர்ந்துபோய்ச் சிலரை இரும வைக்கிறது. இந்த வகையில் முதலில் வந்த குளிசை கப்டோபிரில், 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு வழி காட்டியது பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷம். கடிபட்டவர்களின் பிரஷர் சரிந்து விழுவதைப் பார்த்துத்தான் ஆராயத் தொடங்கினார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பின்வாங்கில் தூங்குகிற பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

சரி, இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், புளித்த பாலில் ஜப்பான்காரர்கள் தேடிப் பிடித்ததும் இதே நொதியத்தைத் தடுக்கிற பொருளைத்தான். அம்மா விட்ட குளிசையும் அம்மா பிடித்துக்கொண்ட மோரும் ஒரே இடத்தில்தான் வேலை செய்ய வேண்டியவை. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முப்பது பேரும் 95 மில்லிலீற்றரும்

அந்த ஜப்பான் கதை நல்ல கதை. கையுன் மிஷிமா என்பவர் மங்கோலியப் பக்கம் போயிருந்தபோது அங்கே மேய்ச்சல்காரர்கள் குடிக்கிற புளித்த பாலைக் குடித்து உடம்பு தேறி, ஊருக்குத் திரும்பி அதே மாதிரி ஒரு பானம் செய்ய முயன்று, 1919இல் கல்பிஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானில் இன்றும் குடிக்கிறார்கள். 1990களில் அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள், லக்டோபசிலஸ் ஹெல்வெட்டிக்கஸ் என்ற பக்டீரியா பாலைப் புளிக்க வைக்கும்போது கேசீன் புரதத்தை அறுத்துப் போடுகிற துண்டுகளில் இரண்டைப் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றே அமினோ அமிலம். வேலின்-புரோலின்-புரோலின் ஒன்று, ஐசோலூசின்-புரோலின்-புரோலின் மற்றது. அம்மாவின் குளிசை தடுத்த அதே நொதியத்தை இந்தத் துண்டுகள் தடுக்கின்றன.

1996இல் அதை மனிதர்களிடம் சோதித்த முடிவு வெளிவந்தது. பிரஷர் உள்ள வயதானவர்கள் 30 பேர். ஒரு பகுதியினருக்குத் தினம் 95 மில்லிலீற்றர் புளித்த பால், மற்றவர்களுக்கு அதே மாதிரி இருக்கிற வேறு பால், எட்டு வாரம். புளித்த பால் குடித்தவர்களுக்கு மேல் எண் சுமார் 14 குறைந்தது. போனில் வந்த செய்தி சொன்னது இதைத்தான். ஆனால் அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. அந்த 30 பேரில் பெரும்பாலோர் பிரஷர் குளிசையும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். குளிசையோடு சேர்த்துத்தான் குடித்தார்கள். யாரும் குளிசைக்குப் பதிலாகக் குடிக்கவில்லை. இந்த ஒரு விசயத்தை விட்டுவிட்டு அந்தச் செய்தியை எழுதியவர் யாரோ, அனுப்பியவர் யாரோ, ஆனால் அம்மாவின் காதில் போட்டது நான். படித்துப் பார்க்காமல் போட்டேன். படித்துப் பார்க்கத் தெரிந்தவள் போட்டேன், அதுதான் ஆறவில்லை.

30 பேரை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது என்று பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கே நான் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு பல நாடுகளில் சோதித்தார்கள். சில இடத்தில் குறைந்தது, நெதர்லாந்தில் ஒன்றும் நடக்கவில்லை. 2012இல் கொக்ரேன் அமைப்பு 15 ஆய்வுகளை, மொத்தம் 1,232 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது மேல் எண் சராசரியாக 2.45 குறைந்திருந்தது. கீழ் எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. இதை வைத்துப் பிரஷருக்குப் புளித்த பாலைச் சிபாரிசு செய்ய முடியாது என்று எழுதினார்கள். அதாவது எல்லாம் நல்லபடி நடந்தால் அம்மாவின் 178 ஏறக்குறைய 175 ஆகும். அதுவும் ஆய்வுகூடத்தில் தெரிந்தெடுத்த பக்டீரியா போட்டுப் புளிக்க வைத்த பாலுக்கு. அம்மாவின் உறைமோர் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கியது, அந்த அக்கா வேறு எங்கோ வாங்கியது, அதில் என்ன பக்டீரியா குடியிருக்கிறதோ. போதாததற்குப் பாதிக்கு மேல் தண்ணீர்.

இதைச் சொன்னதும் மோர் வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புரதம் இருக்கிறது, கல்சியம் இருக்கிறது, வயிற்றுக்கு இதம். 1997இல் அமெரிக்காவில் செய்த டாஷ் என்ற பெரிய ஆய்வில் பழம், மரக்கறி, கொழுப்புக் குறைந்த பால் பொருட்கள் எல்லாம் சேர்ந்த சாப்பாடு பிரஷரை நன்றாகவே குறைத்தது. பால் எதிரி இல்லை.

தராசு

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, ரெண்டு புள்ளி கொறையுதுன்னே வச்சுக்க. கொறையத்தானே செய்யணும்? எனக்கு எதுக்கு ஏறிச்சு?" என்றார். நான் பல மாதம் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. குளிசையை விட்டதால், வயதால், குளிரால் என்று ஏதேதோ சொன்னேன், அவருக்கும் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மோரை டம்ளரில் ஊற்றினார். பழைய ஹோர்லிக்ஸ் போத்தலைத் திறந்தார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மூன்றையும் சேர்த்து உள்ளே விட்டு அள்ளினார். விரல் நுனியில் ஒரு சின்னக் குன்று மாதிரி உப்பு நின்றது, கொஞ்சம் அடுப்பங்கல்லில் சிந்தியது. டம்ளருக்குள் போட்டுக் கரண்டியால் கலக்கிக் குடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இத்தனை நாள் சட்டிக்கு ஒரு தடவைதான் உப்பு போடுகிறார் என்று நினைத்திருந்தேன். "ஒரு டம்ளருக்கா இவ்வளவு?" என்றேன். "உப்பில்லாம எப்படிக் குடிக்கிறது, வாந்திதான் வரும்" என்றார்.

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு இலத்திரனியல் தராசு இருக்கிறது, இரண்டு தசம தானம் காட்டும். அதிபரிடம் கேட்டு அடுத்த வெள்ளிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்குத் தராசு என்றால் நல்ல நினைவு கிடையாது. 34 வருடம் அவர் கொழுந்து தராசில்தான் நிறுக்கப்பட்டது. மழை நாளில் ஈரத்துக்கு என்று கழித்தார்கள், சாக்குக்கு என்று கழித்தார்கள், 18 கிலோவுக்கு அரைக் கிலோ குறைந்து அரைப் பேர் என்று பாதி நாள் சம்பளம் போட்ட நாளெல்லாம் அவருக்குக் கிழமையோடு ஞாபகம் இருக்கிறது. "தராசப் பாக்கக்கூடாது புள்ள, தராசப் புடிச்சவன் கையப் பாக்கணும்" என்பார். அதனால் நான் கையே வைக்கவில்லை. தராசை அவர் முன்னால் வைத்தேன், ஒரு கடதாசியை அவரையே போடச் சொன்னேன், பூச்சியத்துக்கு வரும் பொத்தானையும் அவரே அமுக்கினார். மோரில் போடுகிற மாதிரியே பத்துத் தடவை உப்பை எடுத்துப் போடச் சொன்னேன். போட்டார். 9.42 கிராம்.

"இன்னொரு வாட்டி." கடதாசியைத் தட்டிவிட்டு மறுபடி பத்து. 9.16. மூன்றாவது தடவை வேண்டுமென்றே கொஞ்சமாக எடுக்கப் பார்த்தார், எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. ஆறேழோடு நிறுத்திவிட்டார்.

ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நாலு டம்ளருக்கு மூன்றே முக்கால் கிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு, எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து, 5 கிராமுக்கு உள்ளேதான் உப்பு இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அதில் முக்கால் பங்கு மோரிலேயே போய்விட்டது. அதற்கு மேல்தான் ரொட்டி, கட்டச்சம்பல், சோறு, பருப்பு, கிழமைக்கு மூன்று நாள் நெத்திலிக் கருவாடு. மிஞ்சிய மோரில் உப்பைக் கொட்டி ஊறவைத்துக் காயப்போடுகிற மோர் மிளகாய் வேறு. 2022க்கு முன்னால் எங்கள் வீட்டில் மோரும் இல்லை, மோர் மிளகாயும் இல்லை.

கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் அம்மாவுக்கு இரண்டு எண் எழுதிக் காட்டினேன். 2013இல் உப்பைப் பற்றிய 34 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்திருந்தார்கள். ஒரு நாளைக்கு 4.4 கிராம் உப்பைக் குறைத்தபோது, பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 5.39 இறங்கியது. குறைத்தால் இறங்குகிறது, கூட்டினால் ஏறத்தானே செய்யும். மோர் கொடுக்கக்கூடியது, கொடுத்தால், 2.45. மோருக்குள் போடுகிற உப்பு எடுத்துக்கொள்வது அதைவிடக் கூட. எழுதப் படிக்க அதிகம் தெரியாவிட்டாலும் அம்மாவுக்கு எண் நன்றாக வரும், கொழுந்துக் கணக்கைத் தலையிலேயே வைத்திருந்தவர். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ரெண்டு வருசமா நான் உப்பத்தான் குடிச்சிருக்கேன்" என்றார். ஹோர்லிக்ஸ் போத்தலை மூடி, எட்டாத மேல்தட்டில் என்னை வைக்கச் சொன்னார்.

22 முழுவதையும் உப்பு தலையில் கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். வயதுக்கு ஒரு பங்கு, பல காரணங்களுக்கு ஒரு பங்கு. ஆனால் நாங்கள் இருவரும் பார்த்துத் தொட்டு எடைபோட்ட ஒரே காரணம் உப்புதான். யார் சொல்லியும் நம்பாத அம்மா, தன் விரலில் எடுத்த உப்பைத் தானே தராசில் நிறுத்துப் பார்த்து நம்பினார். போனில் நான் வாசித்துக் காட்டியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் வகுப்பறையில் எத்தனையோ வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், வீட்டில் செய்து பார்த்தது அன்றைக்குத்தான்.

கொப்பி

அடுத்த கிளினிக்குக்கு நானும் லீவு போட்டுக்கொண்டு போனேன். இருமலைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே எனலப்ரிலை வெட்டிவிட்டு லொசார்டன் எழுதினார். அது அந்த நொதியத்தைத் தொடாமல் அடுத்த படியில் வேலை செய்கிற குளிசை, அதனால் இருமல் அப்படி வராது என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். மோர் குடிக்கலாமா என்று அம்மா கேட்டார். உப்பில்லாமல் குடியுங்கள், ஆனால் அதைக் குளிசைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் அம்மா, "நல்ல மனுசன், மோர வேணாம்னு சொல்லல" என்றார்.

உப்பில்லாத மோர் முதல் வாரம் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை, கொஞ்சம் குடித்துவிட்டு வைத்துவிடுவார். அப்புறம் அவரே வழி கண்டுபிடித்தார். சீரகத்தை வறுத்துப் பொடித்து, பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு, தேசிக்காய் நாலைந்து சொட்டு விட்டுக் குடிக்கிறார். மோர் மிளகாயை நிறுத்திவிட்டார். கருவாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு தடவை கழுவி, கிழமைக்கு ஒரு தடவை என்று ஆக்கிக்கொண்டோம்.

ஒரு பிரஷர் மெசினும் வாங்கினோம். அம்மா முன்பெல்லாம் "மேடு ஏறி வந்த மூச்சோட பாத்தா ஏறித்தான் இருக்கும்" என்று கிளினிக் எண்ணை ஒதுக்கிவிடுவார். அதில் நியாயம் உண்டு. எங்கள் லயத்தில் இருந்து ரோட்டுக்கு வர நூற்றுக்கும் மேல் படி, ஏறின கையோடு பார்த்தால் கூடத்தான் காட்டும். இப்போது காலையில் சாயத்தண்ணி குடிக்கும் முன், கதிரையில் சாய்ந்து, கால் இரண்டையும் தரையில் வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுப் பார்க்கிறோம். பேசாமல் இருப்பதுதான் அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டம். என்னிடம் இருந்த ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் திகதி போட்டு எழுதி வைக்கிறோம். மூன்று மாதத்தில் 140க்கும் 85க்கும் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதில் குளிசை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பெரும்பங்கு குளிசைதான் என்று நான் நினைக்கிறேன், அம்மாவிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

பக்கத்து லயத்து அக்கா ஒருவர் போன கிழமை வந்தார், அவருக்கும் பிரஷர். அம்மா மோர் குடித்துத்தான் இறங்கியது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன் அம்மா அவரை உட்கார வைத்து, ஒரு கடதாசியைக் கையில் கொடுத்து, "ஒரு டம்ளருக்கு நீ எவ்வளவு உப்புப் போடுவ, இதுல போட்டுக் காட்டு" என்றார்.

மாடு மறுபடி சினை. வருகிற மாதத்தோடு பால் வற்றிவிடும், கன்று போடும் வரைக்கும் இரண்டு மாதத்துக்கு வீட்டில் மோர் இருக்காது. மோர் இல்லாமல் குளிசையும் உப்புக் குறைந்த சாப்பாடும் மட்டும் இருந்தால் எண் எங்கே நிற்கும் என்று பார்க்கலாமே என்று நேற்று ராத்திரி அம்மாதான் சொன்னார். கொப்பியில் அந்த இடத்துக்கு ஒரு பக்கம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.